அவருடைய பெருவிரலும் மதிலுக்கு மேலால் வந்த சோறும்

என் கணவரைப் பொறுத்தவரை, மத்தியானம் பீங்கானில் போட்டுக் கறியோடு பிசைந்து சாப்பிடுவது மட்டும்தான் சோறு. புட்டு சோறு அல்ல. இடியப்பம் சோறு அல்ல. கஞ்சி குடிக்கிற சாமான், பொங்கல் கடவுளுடைய பிரசாதம். கிளினிக்கில் “சோத்தைக் குறையுங்கோ” என்று சொன்ன நாளிலிருந்து அவர் ஊரிலேயே கீழ்ப்படிவான நோயாளியாக மாறினார். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினார். காலை இடியப்பத்தையும் இரவுப் புட்டையும் இரட்டிப்பாக்கினார். குறைத்த சோற்றைப் பற்றிக் கிளினிக்கில் சந்திக்கிற எல்லோரிடமும் பெருமையாகக் கதைத்தார்.

அவ்வளவும் ஒரே அரிசி மூட்டையிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எந்த உணவில் மாப்பொருள் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதி எழுதியே என் வலது தோள் இறங்கிவிட்டது. அதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை.

“இஞ்சேரும், உம்மட பாடம் சோதினை எழுதிற பிள்ளையளுக்கு. இது வயிறு” என்றார்.

அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஒரு பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தே அதன் பாரத்தைச் சொல்லிவிடுவார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் பீங்கானில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பது மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு கலியாண வீட்டுக்கென்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டார். செருப்பு கடித்தது. கடித்தது அவருக்குத் தெரியவில்லை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, நீண்ட நாள் இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். கலியாணத்துக்குப் போய், பந்தியில் இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்து, வீட்டுக்கு வந்து குசினிக்குள் நடந்து திரிந்தபோது, நிலத்தில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததை நான்தான் கண்டேன். வலது கால் பெருவிரலில் தோல் உரிந்து சதை தெரிந்தது. அவரோ குனிந்து பார்த்துவிட்டு, யாருடைய காலோ என்பதுபோல நிமிர்ந்தார்.

கிளினிக்கில் இருந்தவள் இளம் டொக்டர். என் மகளைவிட வயது குறைவு. புண்ணைத் துடைத்துப் பார்த்தாள், இரத்த றிப்போட்டைப் பார்த்தாள், பிறகு கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள்.

“ஐயா, மருந்து நான் தருவன். கட்டு டீச்சர் கட்டுவா. ஆனா சீனி இப்பிடி நிண்டா இந்தப் புண் காயாது. அடுத்த மாதம் வரேக்க விரல் கறுத்திருந்தா அதை எடுக்கத்தான் வேணும். வேற வழி இல்லை.”

அவர் சிரித்தார். “கைவிரல் எண்டாலாவது கவலைப்படலாம் பிள்ளை, கணக்குப் பாக்க உதவும். கால் விரலால என்ன வேலை?” என்றார். டொக்டர் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவருடைய தலையில் ஒன்று போடவேண்டும்போல வந்தது.

என் அப்பாவுக்கும் முதலில் ஒரு விரல்தான் போனது. பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசிக் காலத்தில் அவர், இல்லாத அந்தக் காலில் கடிக்கிறது என்று சொல்லிச் சொறியச் சொல்வார். நான் போர்வையின் வெறுமையான பக்கத்தைச் சொறிவேன். ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது உட்துறைமுகப் பக்கத்துக் காற்று முகத்தில் அடிக்க, நான் அந்தப் போர்வையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த என் கணவர், பஸ் நிலையத்தடியில் எங்கள் ஊருக்குள் திரிகிற மான்கள் வாழைப்பழத் தோல் தின்பதை எனக்குக் காட்டினார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாயால் சொல்லி இந்த மனிதரைத் திருத்த ஏலாது. இவருடைய இரத்தமே இவருக்குச் சொல்ல வேண்டும்.

மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சீனி பார்க்கும் மெஷின் அலுமாரிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமான அரிசிச் சாப்பாடு செய்வேன், அவர் அளவாகச் சாப்பிடுவார், இரண்டு மணித்தியாலம் கழித்து நான் விரலில் குத்திப் பார்ப்பேன் என்று சொன்னேன். எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ சந்தோசமாகச் சம்மதித்தார். புட்டு குற்றமற்றது என்று மெஷின் தீர்ப்புச் சொல்லும், அதன் பிறகு நான் வாய் திறக்கமாட்டேன் என்பது அவருடைய நம்பிக்கை.

முதல்நாள் புட்டு. தேங்காய்ப்பூவை நிறையப் போட்டு, பதமாக அவித்து, ஒரு குழல் மட்டும் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்தினேன். மெஷின் இருநூற்று முப்பதுக்கு மேலே காட்டியது. அவர் மெஷினை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இது வெள்ளைக்காரன்ர சாமான். அதுக்குப் புட்டைத் தெரியாது” என்றார்.

இடியப்பத்தையும் மெஷினுக்குப் புட்டைத் தெரிந்த அளவுக்கே தெரிந்திருந்தது; அதற்கும் அதே ஏற்றம்தான். அரிசியை மாவாக அரைத்த பிறகு வயிற்றுக்கு அங்கே வேலை குறைவு. சீனி ஓடிப்போய் இரத்தத்தில் சேர்ந்துவிடும். இதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் தேங்காய்ப்பால் சொதியைக் குற்றம் சாட்டினார். அடுத்த முறை சொதி இல்லாமல் சம்பலோடு கொடுத்தேன். அப்போதும் இறங்கவில்லை. அதன் பிறகு சம்பலில் நான் வெங்காயம் கூடப் போட்டதைப் பற்றிக் கதைத்தார்.

மத்தியானச் சோற்றில் அவருக்குப் பிடித்தது கீரிச்சம்பா. சின்னச் சின்னதாக, வெள்ளையாக, மல்லிகை மொட்டுப்போல இருக்கும். அது சீனியைத் தாறுமாறாக ஏற்றியது. சிவப்புப் புழுங்கல் அரிசி அதைவிடக் குறைவாகத்தான் ஏற்றியது. ஆனால் அதைப் பீங்கானில் கண்டதும் அவருடைய முகம் செத்த வீட்டுக்கு வந்தவரின் முகமாகிவிடும்.

“இது மனிசர் தின்னிறதே? துறைமுகத்தில இப்பிடி ஒரு சாமான் வந்தா நாங்கள் இறக்கவே மாட்டம், திருப்பி அனுப்பியிருப்பம்.”

இதற்கிடையில் துறைமுகத்தில் ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழஞ்சோறு சீனியை அடியோடு ஒழித்துவிடும் என்று ஒரு செய்தி வந்துவிட்டது. அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னார். காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து, நான் வாசல் கூட்டிவிட்டு வருவதற்குள் சட்டியைக் காலி செய்திருந்தார். மெஷினுக்கு மூச்சு முட்டியது. மறுநாள் நானே நின்று ஒரு கோப்பை மட்டும் அளந்து கொடுத்தேன். அதே அரிசியைச் சுடச்சுடத் தின்றதைவிட அது கொஞ்சம் குறைவாகவே ஏற்றியது. ஆறிய சோற்றில் மாப்பொருள் இறுகிப்போய் மெதுவாகத்தான் கரையும் என்பது உண்மைதான். வாட்ஸ்அப்பில் ஒரு உண்மை வந்துவிட்டதே என்று எனக்கு அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருந்தது.

இப்படிச் சமைத்ததில் அவருக்கு ஒரு கோப்பைதான். மிச்சம்? ஒரு குழல் புட்டு அவிக்க யாராலும் ஏலாது, குழைத்தால் மூன்று நான்கு குழலுக்கு வந்துவிடும். பத்து இடியப்பத்துக்கு மட்டும் மா பிசைந்தால் உடைக்கிற தேங்காய்க்கே கட்டாது. வீசுவதற்கு எனக்கு மனம் வராது. ஒரு பருக்கையைக்கூட வீசக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய் இது. ஆகவே மிச்சத்தை நான் சாப்பிட்டேன். அவர் எதிரே இருந்து என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தியாகம் செய்கிறேன் என்றே எனக்குத் தோன்றியது.

இந்தச் சீரில் போய்க்கொண்டிருந்தபோது நோன்பு மாதம் தொடங்கியது.

எங்கள் வலப்பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த பெண், எனக்குத் தங்கைச்சி முறை சொல்லக்கூடிய வயது. நோன்பு தொடங்கினால் ஒவ்வொரு பின்னேரமும் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் மதிலுக்கு மேலால் ஒரு சட்டி நோன்புக் கஞ்சி வரும். எங்களுக்கென்று மாட்டிறைச்சி போடாமல் கோழி போட்டுத் தனியாகக் காய்ச்சியிருப்பாள். அரிசி கரைந்து, தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பை இலையும் மணக்கும். அந்த மணம் மதிலைத் தாண்டும்போதே என் கணவர் சாப்பாட்டு மேசையில் இருப்பார்.

அந்தக் கஞ்சியை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இந்த ஊரில் சண்டைக் காலத்தில் அந்த மதிலுக்கு மேலால் ஒன்றுமே வராத வருடங்களும் இருந்தன. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு, இருமினால்கூடச் சத்தமில்லாமல் இருமிய காலம் அது. அதன் பிறகு முதன்முதலாக ஒரு சட்டி வந்த நாளில் நான் குசினிக்குள் போய் நின்று அழுதிருக்கிறேன். அப்படி வந்த சட்டியை, “சீனி ஏறும், வேண்டாம்” என்று எந்த வாயால் திருப்புவது? என் கணவரும் தன் சீனி வருத்தத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னால் ஒழுங்கையில் உள்ளவர்களெல்லாம் சுகம் விசாரிக்க வருவார்கள், வருகிறவர்கள் கிறீம் பிஸ்கட்டும் திராட்சையும் கொண்டுவருவார்கள், அதையும் நான் பறித்துவிடுவேன் என்பது அவர் கவலை.

முதல் நாள் அவருக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்துப் பார்த்தேன். கரைந்த அரிசி அல்லவா, குடித்த வேகத்தில் ஏறி நின்றது. அதன் பிறகு கஞ்சிக்கு நானே பொறுப்பு. மான்களுக்கு வைத்துப் பார்ப்போம் என்று அவர் சொல்லி, ஒருநாள் ஒரு கிண்ணத்தை வாசலில் வைத்தோம். ஒரு பெட்டை மான் வந்து மோந்துவிட்டு, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மிச்சத்தை நான் குடித்தேன்.

வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சட்டம். வழக்கமாக நான் பயற்றம் பணியாரம், வடை, ஏதாவது இனிப்பு வைத்துக் கொடுப்பேன். அந்த வருடம் வீட்டில் சீனியும் எண்ணெயும் இல்லாத சமையல். ஆகவே அவித்த கடலையும் கீரை வறையும் வைத்துக் கொடுத்தேன். அடுத்த நாளும் கீரை. அதற்கடுத்த நாள் அவித்த பயறு.

இதை அவள் எப்படி விளங்கிக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களுடைய பென்சன் நின்றுவிட்டது, டீச்சர் வீட்டில் கீரை ஆய்ந்து தின்கிற நிலைமை வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மதிலுக்கு மேலால் சட்டிக்குப் பதிலாக ஒரு பெரிய தாச்சி வந்தது. இரண்டு கையாலும் பிடித்தும் அவளுக்குப் பாரமாக இருந்தது.

“டீச்சர், கூச்சப்படாதீங்க. எங்கட ஊட்டுலயும் இப்படி நாள் இருந்திச்சு. அண்ணன் வயிறு நிறையச் சாப்பிடட்டும்.”

திறந்து பார்த்தேன். கோழிப் புரியாணி. நெய் மினுங்கியது, கஜுப் பருப்பு மினுங்கியது, அவித்த முட்டைகள் தலையைக் காட்டின.

என் கணவர் கைகூப்பாத குறை. “இதையும் மெஷினிட்ட கேட்டுப் பாக்க வேணும். கேக்காம விட்டா அது நீதியில்லை” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லா அரிசிக்கும் ஒரே சட்டம்தான். ஒரு கோப்பை புரியாணியும் இரண்டு துண்டு கோழியும் கொடுத்தேன். கோப்பையை அவர் விரலால் அமத்தி அமத்தி நிரப்பியதைக் கண்டும் காணாமல் விட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்தினேன். மெஷின் நூற்று நாற்பதுக்குக் கிட்டக் காட்டியது.

நான் நம்பவில்லை. அடுத்த விரலில் குத்தினேன். அதே அளவு. சிவப்பரிசியும் கீரையும் சாப்பிட்ட நாளில்கூட இவ்வளவு இறங்கியதில்லை. அவர் கதிரையை விட்டு எழும்பி, புண் காலோடு மதிலடிக்கு நொண்டி நொண்டிப் போய், அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

“நெய் சீனியை அமத்துது. கோழி அதுக்கு மேல ஏறி இருக்குது. நீர் படிப்பிச்ச பாடத்தில இது இருந்ததே?”

இருக்கவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று இரண்டு கிழமையாக அவருடைய தலையில் அடித்துச் சொன்னவள் நான்தான். இப்போது மெஷின் புரியாணியின் பக்கம். நான் என்ன செய்வது? கிழமை நடுவில் நானே நெய்ச்சோறு சமைத்துக் கொடுத்தேன். அதுவும் இரண்டு மணித்தியாலத்தில் நல்ல பிள்ளையாக நின்றது. அடுத்த ஞாயிறும் தாச்சி வந்தது. அவர் பாட்டுப் பாடிக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் சந்தோசம் திரும்பிவிட்டது. எனக்கும், இவருக்கு ஆண்டவனாகப் பார்த்து ஒரு வழி காட்டியிருக்கிறார் என்ற எண்ணம் வந்தது. மிஞ்சியதை நானும் தாராளமாகவே சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது விரல் ஈரமாக இருந்தது. கொஞ்சம் காயத் தொடங்கியிருந்த புண் வாயைத் திறந்துகொண்டு, ஓரத்தில் ஒரு மாதிரியான நிறத்தில் நின்றது. ஒரு மணமும் இருந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். அப்பாவின் அறைக்குள் இருந்த மணம். அவருக்குக் காட்டாமல் கட்டைத் திரும்பக் கட்டிவிட்டு, வெறும் வயிற்றில் அவருடைய கைவிரலில் குத்தினேன். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கண்டதைவிடக் கூட. இன்னும் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காத மனிதருக்கு.

குசினிக்குள் இருந்து யோசித்தேன். அன்றைக்கு மத்தியானம் தாச்சியில் மிஞ்சியிருந்ததில் கொஞ்சத்தைக் கடைசித் தடவையாகக் கொடுத்தேன். இந்த முறை இரண்டு மணித்தியாலத்தோடு விடவில்லை. மூன்றாவது மணித்தியாலத்தில் குத்தினேன், நான்காவதில் குத்தினேன், பொழுதுபடக் குத்தினேன்; இலக்கம் ஏறிக்கொண்டே போனது. கையைத் தருவதற்கு அவர் ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டுப் பாடினார். நெய்யும் இறைச்சியும் சேர்ந்து வயிற்றில் சோற்றைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, பிறகு மெதுமெதுவாக அவிழ்த்து விட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் வாசலில் காவல் இருந்த நேரத்தில் புரியாணி அமைதியாக நின்றது. நான் காவலை முடித்துக்கொண்டு உள்ளே போன பிறகு பின்பக்கத்தால் ஏறி வந்தது. இரவு முழுக்க அவர் குறட்டை விட்டுத் தூங்கியபோது சீனி அவருடைய இரத்தத்தில் நின்றிருக்கிறது.

கடைசி இலக்கத்தைக் காட்டியபோது அவர் முதன்முறையாக மெஷினைக் குற்றம் சொல்லவில்லை. “அப்ப புரியாணியுமா?” என்று மட்டும் கேட்டார். கூட்டாளி ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போன குரல்.

அன்று பின்னேரமே மதிலடிக்குப் போனேன். கிளினிக்குக்குப் பத்து நாள்கூட இல்லை. வெட்கம் பார்த்தால் விரல் போய்விடும். எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பு, புண், டொக்டர் சொன்னது, அப்பாவின் கால், கஞ்சி, தாச்சி. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது.

“அல்லாவே! பென்சன் நிண்டிட்டு எண்டுதானே டீச்சர் நான் நினைச்சன். அப்ப அண்ணனுக்கு நான் நஞ்சா அனுப்பினன்?”

“நஞ்சில்லை தங்கச்சி. நல்லாச் சமைச்சது உன்ர பிழையில்லை.”

“எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே. பக்கத்து ஊட்டுல இருந்து என்னத்துக்கு?” என்று என்னை ஏசினாள். ஏசி முடித்ததும் இரண்டு பேரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம். பென்சன் கதையைக் கேட்டு என் கணவர் உள்ளே இருந்து உரத்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு புரியாணி வந்தது, சோறு இல்லாமல். கோழித் துண்டுகளும் வெள்ளரிக்காய்ச் சம்பலும் மட்டும். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, கப்பல் போன பிறகு சங்கிலி மட்டும் கிடக்குது என்றார். ஆனாலும் எலும்பு வரை சாப்பிட்டார். நான் முறையை மாற்றினேன். முதலில் கீரை, பிறகு மீன், கடைசியாக ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு, அதுவும் அமத்தாமல். அந்த வரிசையில் சாப்பிட்டால் அதே சோறு அவ்வளவு ஏறவில்லை. அவரும் மாறிப்போனார். புண்ணின் மணம் அவருக்கும் வந்திருக்க வேண்டும்; ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கஞ்சி மட்டும் நிற்கவில்லை. “அண்ணனுக்கு வேணாம். இது டீச்சருக்கு” என்று சொல்லியே தந்தாள். எனக்கு என்ன வருத்தமா, நான் ஏன் மறுக்க வேண்டும்? குடித்தேன். அந்த நாட்களில் எனக்கு ஒரே களைப்பு, ஒரே தாகம். இந்த மனிதருக்குக் காவல் இருந்தால் யாருக்குத்தான் களைக்காது என்று நினைத்தேன். ஊரிலும் வெயில் கொளுத்தியது.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் கட்டை அவிழ்த்தாள். நான் முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“டீச்சர், இஞ்ச பாருங்கோ.”

பார்த்தேன். புண் ஈரம் வற்றிச் சுருங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் பிடிக்கத் தொடங்கியிருந்தது. விரல் அவருடைய காலிலேயே இருந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் அண்மையில் பார்த்ததில்லை. அவர் அதை மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். டொக்டர் சிரித்தாள். நான் புட்டில் தொடங்கிப் புரியாணி வரைக்கும் முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து கேட்டாள்.

“எந்த அரிசி எண்டதைவிட எவ்வளவு, எதோட, எந்த வரிசையில எண்டதுதான் கூட முக்கியம் டீச்சர். நீங்கள் சரியாக் கண்டுபிடிச்சிருக்கிறீங்கள்” என்றாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததுபோல இருந்தது. சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்லத் தொண்டை வறண்டது. பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தேன், பிறகும் குடித்தேன். பெரிய போத்தல், முடிந்துவிட்டது. கணவருடைய போத்தலை வாங்கினேன்.

டொக்டர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சர், எப்பவும் இவ்வளவு தண்ணி குடிப்பீங்களோ?”

“இவரோட கதைச்சுக் கதைச்சுத் தொண்டை வறளுது பிள்ளை.”

“இரவில எழும்பிறனீங்களோ?”

“ஓம், இந்த வயசில ஆர் எழும்பாமல் இருக்கினம்?”

“ஐயா சாப்பிடாத சாப்பாடெல்லாம் ஆர் சாப்பிட்டது?”

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். ஒன்றுவிடாமல், சந்தோசமாக, எத்தனை குழல், எத்தனை சட்டி என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதியில் தானாக நிறுத்தினார். டொக்டர் தாதியிடம் ஊசியை வாங்கி, “கையைத் தாங்கோ” என்றாள்.

அந்த இலக்கத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. புட்டு, கஞ்சி, புரியாணி மூன்றும் சேர்ந்துகூட அவருக்கு அவ்வளவு ஏற்றியதில்லை. அடுத்த நாள் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எனக்கும் சீனி வருத்தம்தான் என்றார்கள். இந்த ஒரு மாதத்தில் வந்த வருத்தம் இல்லையாம், முதலே உள்ளுக்குள் இருந்திருக்குமாம். நான் தின்றது அதை வெளியே இழுத்து விட்டிருக்கிறது. நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்க வேண்டியவர் அவர் என்று நினைத்திருந்தேன்.

எனக்குத் தந்த மருந்துக் குளிசைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எனக்குக் கோபம். யாரில் என்று தெரியாத கோபம். உடுப்பு மாற்றாமல் கூடத்துக் கதிரையில் இருந்தேன். அவர் வெளிச்சத்தைப் போட்டார். கண்ணாடியை மாட்டினார். பிறகு சுவரைப் பிடித்து மெதுவாகக் குனிந்து எனக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என் காலைத் தொட்டதில்லை.

“என்ன செய்யிறியள்? விடுங்கோ, ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?”

“சும்மா இரும்.”

ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். இடுக்கில் பார்த்தார், நகத்தடியில் அமத்திப் பார்த்தார், குதிக்காலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலைக் கிள்ளிவிட்டு, “தெரியுதோ?” என்று கேட்டார். தெரிந்தது. அடுத்ததைக் கிள்ளினார்.

“இந்த மாதம் முழுக்க எனக்குப் பயம் வரேல்ல. நீர் பாப்பீர் எண்டு விட்டிட்டன்” என்றார். “இண்டைக்குத்தான் பயமாக் கிடக்கு.”

நான் காலை இழுக்கவில்லை.